கியர் மாறியாச்சு, பிரேக் மாறிச்சா?

காலை எட்டரை மணி. தேவிகாபுரம் கடைவீதி. ஒரு பக்கம் ஆரணி பஸ்சுக்குக் காத்திருக்கும் கூட்டம். மறுபக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பட்டு நூல் மூட்டையை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு போகிறார் ஒரு தறிக்காரர். கூடையோடு ரோட்டைத் தாண்டுகிறார் ஒரு அம்மா. இத்தனை பேருக்கும் ஒரே ரோடு.

இந்த ரோட்டில், ஏலத்தில் எடுத்த ஒரு பழைய மிலிட்டரி லாரி 90 கிலோ மீட்டர் வேகத்தில் வந்தால் என்ன ஆகும்?

"அது எப்படி வரும்? எழுபதைத் தொடுவதற்குள் என்ஜின் கூப்பாடு போடுமே!" என்று பழைய டிரைவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் கியர் பாக்ஸை மாற்றிவிட்டால் வரும். கூப்பாடு போடாமலே வரும். அங்கேதான் வில்லங்கம்.

ராணுவம் கழித்துவிட்ட லாரிகளை வாங்கி, கியர் பாக்ஸை மாற்றி, ரோட்டில் வேகமாக ஓட்டுகிற வேலை பல நாடுகளில் நடக்கிறது. பொழுதுபோக்குக்குச் செய்கிறவர்கள் உண்டு. பிழைப்புக்குச் செய்கிறவர்களும் உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் இது பெரிய வித்தை இல்லை. ஒரு வண்டியின் பாகத்தை இன்னொரு வண்டிக்குப் பொருத்துவதில் நம் மெக்கானிக்குகள் கில்லாடிகள்.

கைத்திறமையில் குறை இல்லை. கணக்கில்தான் குறை. ஓட்டுகிற கணக்கைப் போடுகிறவர்கள், நிறுத்துகிற கணக்கை விட்டுவிடுகிறார்கள்!

டிஸ்போசல் வண்டி

மிலிட்டரி லாரி ஊருக்குள் வருவது நேற்று இன்று தொடங்கியது அல்ல. 1945-ல் இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், போருக்கு வந்த லாரிகளும் ஜீப்புகளும் மலை மலையாகக் கிடந்தன. அரசாங்கம் விற்றது, மக்கள் வாங்கினார்கள். "டிஸ்போசல் வண்டி" என்ற பேரே அப்போது வந்ததுதான். கேரள மலைகளில் மரத்தடி இழுக்கும் வேலைக்குப் பழைய மிலிட்டரி லாரிகள் பல காலம் உழைத்தன.

பிறகு நம் நாட்டு லாரியே வந்தது. ஜெர்மனியின் மேன் கம்பெனி உரிமத்தின் பேரில், ஜபல்பூரில் 1959-ல் "சக்திமான்" லாரி தயாராகத் தொடங்கியது. 1996 வரை அது ராணுவத்தின் முதுகெலும்பு. அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தது அசோக் லேலண்டின் "ஸ்டாலியன்".

வடாற்காட்டுக்காரர்களுக்கு இந்த வண்டிகளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையைப் போல, வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஊர்கள் உள்ள வட்டாரம் இது. சக்திமானைப் பனிமலையில் ஓட்டிவிட்டு பென்ஷனோடு வந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்வார்கள்: "அது ஓடுற வண்டி இல்லப்பா, ஏறுற வண்டி!"

இந்த ஒரு வார்த்தையில் முழு விஷயமும் அடங்கிவிட்டது.

ராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வருகின்றன. அம்புக்குறி போட்ட ராணுவ நம்பர் போய், ஆர்.டி.ஓ. ஆபீசில் சிவில் நம்பர் வாங்க வேண்டும். கனத்த சட்டம், கெட்டியான அச்சு, நாலு சக்கரத்துக்கும் இழுவை. பார்த்தவுடனே ஆசை வரும். வாங்கி ஒரு நாள் பைபாஸில் ஓட்டிப் பார்த்தால் ஆசையெல்லாம் புளிச்சுப் போகும். பின்னால் வருகிற வண்டியெல்லாம் ஹாரன் அடிக்கும். என்ஜின் இரைச்சலில் காது அடைக்கும். டீசலும் கரையும்.

உடனே பட்டறைக்குப் போவார். "அண்ணே, வண்டி ஓட மாட்டேங்குது. ஏதாவது பண்ணுங்க!"

ஏன் மெதுவாகப் போகிறது?

வண்டிக்கு வலு இல்லாமல் அல்ல. வலுவை எங்கே செலவழிக்க வேண்டும் என்று கட்டியவர்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். சேற்றிலும் மணலிலும் மலையிலும் சுமையோடு ஏற வேண்டும். அதற்குச் சக்கரம் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஆனால் வெறியோடு சுற்ற வேண்டும்.

சின்னக் கணக்கு ஒன்று. புரிவதற்காக முழு எண்களாகவே போடலாம்.

என்ஜின் நிமிஷத்துக்கு 2,400 சுற்று சுற்றுகிறது. டாப் கியரில் அது அப்படியே பின்னால் போகிறது. அச்சில் இருக்கும் கிரவுன் பினியன் அதை ஆறில் ஒரு பங்காகக் குறைக்கிறது. சக்கரத்துக்குக் கிடைப்பது 400 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு 3 மீட்டர் என்றால், நிமிஷத்துக்கு 1,200 மீட்டர். மணிக்கு 72 கிலோ மீட்டர். அதற்கு மேல் போக வேண்டுமானால் என்ஜின் அளவு மீறிச் சுற்ற வேண்டும். அது தாங்காது.

இப்போது "ஓவர் டிரைவ்" உள்ள கியர் பாக்ஸைப் போடுகிறார் மெக்கானிக். அதன் டாப் கியரில் என்ஜின் 0.8 சுற்று சுற்றினாலே பின்பக்கத் தண்டு ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். அதே 2,400 இப்போது 3,000 ஆகிறது. சக்கரத்துக்கு 500 சுற்று. நிமிஷத்துக்கு 1,500 மீட்டர். மணிக்கு 90 கிலோ மீட்டர்!

என்ஜினைத் தொடவில்லை. கூடுதல் சத்தம் இல்லை. 72 இருந்த இடத்தில் 90. அதே 72-ல் போனால் என்ஜின் 1,920 சுற்றில் நிம்மதியாக ஓடும், டீசலும் மிச்சமாகும். ஓனருக்கு ஒரே சந்தோஷம்.

வேறு வழிகளும் உண்டு. கிரவுன் பினியனையே மாற்றலாம். அது செலவு பிடித்த வேலை. முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஒரே கணக்கில் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் நாலு சக்கர இழுவை போட்டதும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, பல் உடையும். பெரிய டயர் போடலாம். அது பார்த்தவுடனே தெரிந்துவிடும். கியர் பாக்ஸ்தான் வண்டிக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

ஒன்றைத் தொட்டால் ஒன்பது

கியர் பாக்ஸ் தனியாக மாறுவதில்லை. என்ஜினோடு சேர்க்கத் தகடு கடைய வேண்டும். கிளச் பிளேட் பொருந்த வேண்டும். கியர் பாக்ஸின் நீளம் மாறினால் புரொப்பல்லர் ஷாப்டை வெட்டியோ நீட்டியோ ஆக வேண்டும். வெட்டி ஒட்டிய ஷாப்டை மறுபடி பேலன்ஸ் பண்ணாவிட்டால், வேகத்தில் அது உதறும். உதறினால் ஜாயின்ட் போகும். ஓடுகிற லாரியில் ஷாப்ட் கழன்று ரோட்டில் குத்தினால் என்ன ஆகும் என்று டிரைவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் பலருக்குத் தோன்றுவதில்லை. மிலிட்டரி லாரியில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் "டிரான்ஸ்பர் கேஸ்" என்று இன்னொரு பெட்டி உண்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் வலுவைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். 2,400 சுற்றுக்கென்று வைத்த பெட்டிக்குள் இப்போது 3,000 சுற்று வருகிறது. எண்ணெய் சூடேறும். சீல் கசியும். பேரிங் சீக்கிரம் தேயும். கியர் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள எல்லாமே கால் பங்கு கூடுதலாகச் சுற்றுகிறது. யாரும் அவற்றைக் கேட்கவில்லை!

மலை இறக்கம் அடுத்த சங்கதி. போளூர் பக்கம் ஜவ்வாது மலையில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பாடம் உண்டு: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பாதி வேலையை என்ஜினே பார்க்கிறது. ஓவர் டிரைவில் அந்தப் பிடி தளர்ந்துவிடும். மீதி பாரம் முழுக்க பிரேக்கின் தலையில். டிரம் சூடேறிவிட்டால் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி கேட்காது.

நிறுத்துகிற கணக்கு

வேகம் கால் பங்கு கூடினால் பிரேக் வேலையும் கால் பங்குதானே கூடும் என்று நினைப்பது இயற்கை. அது தப்பு. வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிப் பார்க்க வேண்டும். 72-லிருந்து 90-க்குப் போனால் வேகம் ஒன்றேகால் மடங்கு. பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கும் மேல்!

இது பிரேக் பிடித்த பிறகு உள்ள கணக்கு. பிடிப்பதற்கு முன்பும் ஒன்று இருக்கிறது. 72 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 20 மீட்டர் போகிறது. 90-ல் 25 மீட்டர். ஒரு பிள்ளை ரோட்டில் இறங்குவதை டிரைவர் பார்த்து, கால் பெடலுக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு விநாடியிலேயே 5 மீட்டர் கூடுதல். அந்த 5 மீட்டரில்தான் பிள்ளை நிற்கிறது.

போதாததற்கு, இது உயரமான வண்டி. பாரமும் மேலே ஏறி உட்காரும். வளைவில் 60-க்கு அடங்குகிற வண்டி 80-க்கு அடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கரடுமுரடான பாதைக்கென்று செய்த கனத்த டயர், ஈரத்தாரில் வழுக்கும்.

தேவிகாபுரத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயமா என்ன? தேர் இழுக்கிற ஊர் இது. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். ஆனால் தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது யார்? சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற நாலு பேர். வடத்துக்கு இன்னும் நூறு பேரைச் சேர்த்துவிட்டு, முட்டுக்கட்டைக்காரரை அப்படியே விட்டால் தேர் எங்கே போய் நிற்கும்? வீட்டுச் சுவரில்தான்!

கியர் பாக்ஸ் என்பது வடம். பிரேக் என்பது முட்டுக்கட்டை.

ராணுவமே கற்ற பாடம்

"ராணுவத்துக்காரன் வண்டி, எதையும் தாங்கும்" என்று சிலர் வாதாடலாம். ராணுவத்தின் கதையையே பார்க்கலாம்.

1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் அமெரிக்க ராணுவம் "ரெட் பால் எக்ஸ்பிரஸ்" என்ற லாரிப் படையை நடத்தியது. முன்னேறிப் போகும் படைக்குப் பெட்ரோலும் குண்டும் கொண்டுபோக, ஏறக்குறைய 6,000 லாரிகள் இரவு பகலாக ஓடின. உச்சக்கட்டத்தில் ஒரு நாளைக்கு 12,500 டன் சரக்கு. பெரும்பாலான டிரைவர்கள் கறுப்பின வீரர்கள். மணிக்கு 25 மைலுக்கு மேல் போகாதே என்று உத்தரவு. ஆனால் நேரம் போதாது. அதனால் என்ஜினில் இருந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையே கழற்றிவிட்டு ஓட்டினார்கள்.

சரக்கு போய்ச் சேர்ந்தது. போர் நடந்தது. ஆனால் விலை? டயர்கள் மலை மலையாகத் தேய்ந்தன. லாரிகள் கூட்டம் கூட்டமாகப் பழுதாகின. தூக்கம் கெட்ட டிரைவர்களும் ஓய்வில்லாத வண்டிகளும் விபத்தில் சிக்கின. அங்கே ஓடிய ஜி.எம்.சி. லாரியின் ஐந்தாவது கியரே ஓவர் டிரைவ்தான். அப்படியும் அதற்கு வைத்த உச்ச வேகம் மணிக்கு 45 மைல், அதாவது 72 கிலோ மீட்டர். கட்டியவர்களுக்கு அந்த வண்டியின் அளவு தெரிந்திருந்தது.

அது போர்க்காலம். அமைதிக் காலத்துக்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. அதே அமெரிக்க ராணுவத்தின் "எம்.939" ரக 5 டன் லாரி. ஈர ரோட்டில் சட்டென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கியது; கவிழ்ந்தது. வீரர்கள் உயிர் இழந்தார்கள். 1990-களின் கடைசியில் ராணுவமே உத்தரவு போட்டது: மணிக்கு 40 மைலைத் தாண்டாதே! சக்கரம் பூட்டாத பிரேக்கும் ரேடியல் டயரும் பொருத்துவதற்குத் திட்டம் போட்டது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கைத் துறை 1999-ல் இதைப் பற்றித் தனி அறிக்கையே கொடுத்தது.

கவனிக்க வேண்டியது இதுதான். பணத்துக்குப் பஞ்சம் இல்லாத ராணுவம், பிரேக்கைச் சரிசெய்கிற வரைக்கும் வேகத்தைக் குறைத்தது. ஏலத்தில் எடுத்த நம் ஆள், பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் கூட்டுகிறார்!

சட்டம் என்ன சொல்லுது?

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டம், அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். என்ஜின் நம்பர் இருக்கிறது. சேசிஸ் நம்பர் இருக்கிறது. டயர் சைஸ், வண்டியின் எடை, கலர் எல்லாம் இருக்கிறது. கியர் பாக்ஸுக்கு ஒரு வரி கிடையாது!

என்ஜினை மாற்றினால் நம்பர் காட்டிக்கொடுக்கும். டயரை மாற்றினால் கண்ணுக்குத் தெரியும். கியர் பாக்ஸை மாற்றினால் காகிதத்தில் ஒரு தடயமும் இல்லை. எப்.சி.க்கு வருகிற வண்டி வாசலில் மெதுவாக ஓடிக் காட்டும். மெதுவாக நின்றும் காட்டும். அது 90-ல் போகும் என்று பரிசோதிப்பவருக்கு எப்படித் தெரியும்?

சரி, அந்த 90-ஐ வைத்துக்கொண்டு ஓனர் என்ன செய்யப் போகிறார்? 2018-ல் மத்திய அரசு அறிவித்த வரம்புப்படி சரக்கு வண்டிக்கு நாலு வழிச் சாலையில் 80 கிலோ மீட்டர். ஊருக்குள்ளும் சாதாரண ரோட்டிலும் 60. ஆரணி ரோடும் போளூர் ரோடும் எந்தக் கணக்கில் வரும் என்று சொல்ல வேண்டுமா?

லாபத்தையும் பார்க்கலாம். 150 கிலோ மீட்டர் தூரத்தை 60 வேகத்தில் நிற்காமல் ஓட்டினால் இரண்டரை மணி நேரம். 72-ல் ஓட்டினால் இரண்டு மணி ஐந்து நிமிஷம். மிச்சம் 25 நிமிஷம். நடுவில் ரெண்டு டோல்கேட், ஒரு ரயில்வே கேட், ஒரு டீ. போச்சு, மிச்சமெல்லாம் அதிலேயே போச்சு!

ஓனர் பக்கமும் நியாயம் உண்டு

எல்லாப் பழியையும் வண்டிக்காரர் மேல் போடுவது சரியல்ல. பைபாஸில் எல்லா வண்டியும் 80-ல் போகும்போது ஒரு லாரி மட்டும் 50-ல் ஊர்ந்தால் அதுவும் ஆபத்துதான். பின்னால் வருகிறவன் பொறுமை இழந்து தாண்டுவான். எதிரே வருகிறவன் பலியாவான். என்ஜின் இரைச்சலில் பத்து மணி நேரம் உட்கார்ந்த டிரைவருக்குத் தலை சுற்றும். டீசல் செலவு வேறு. என்ஜினுக்கு மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும் என்று கேட்பது குற்றம் இல்லை.

ஆகவே, "மாற்றாதே" என்று ஒரே வார்த்தையில் மறுத்தால் வேலை நடக்காது. ஒளித்துச் செய்வார்கள். ஒளித்துச் செய்த வேலையில் பேலன்ஸ் பண்ணாத ஷாப்டும், தேய்ந்த பிரேக் லைனிங்கும்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது நாலே காரியம்.

ஒன்று: ஏலம் போடும்போதே வண்டியோடு ஒரு தாள் கொடுக்க வேண்டும். இந்த லாரியின் உச்ச வேகம் இவ்வளவு, பிரேக் இவ்வளவுக்குத்தான் என்று தமிழில் எழுதித் தர வேண்டும். வாங்குகிறவருக்கு முதலிலேயே தெரிந்துவிட்டால் பாதி ஆசை அங்கேயே அடங்கும்.

இரண்டு: ஆர்.சி.யில் கியர் பாக்ஸ், அச்சு விகிதம் இரண்டுக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும். இன்சூரன்ஸ்காரரும் பார்ப்பார், போலீசும் பார்ப்பார்.

மூன்று: மாற்றத்தான் வேண்டும் என்றால் நேரான வழி ஒன்றைத் திறந்துவிட வேண்டும். கியர் பாக்ஸ், புரொப்பல்லர் ஷாப்ட், பிரேக், டயர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் சேர்ந்த ஒரே தொகுப்பாகச் சோதித்து அனுமதி தரலாம். அதைச் செய்யத் தகுதி உள்ள பட்டறைகளுக்கு உரிமம் கொடுக்கலாம். திறமை உள்ள மெக்கானிக் ஏன் பயந்து பயந்து வேலை செய்ய வேண்டும்?

நாலு: எப்.சி. சோதனையில் வண்டி எவ்வளவு வேகம் போகுமோ அதற்கேற்ற பிரேக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாசலில் பத்தடி ஓட்டி நிறுத்துவது சோதனை அல்ல.

வாங்குகிறவர்களும் யோசிக்க வேண்டும். மலைப்பாதைக்கு, குவாரிக்கு, சேற்று வயலுக்கு, வெள்ளம் வந்த தெருவுக்கு இந்த லாரியைப் போல ஒரு வண்டி கிடையாது. சென்னைக்கு அவசர லோடு அடிக்க வேண்டுமானால் அதற்கென்றே செய்த லாரிகள் செகண்ட் ஹாண்டில் கிடைக்கின்றன. உழவு மாட்டை ரேஸில் விட்டுவிட்டு, தோற்றுப் போச்சே என்று அடிப்பதில் என்ன புண்ணியம்?

ஒரு கடைசி வார்த்தை. மோட்டார் வாகன ஆய்வாளர் என்று அரசாங்கம் பேர் வைத்தாலும், ஊர் ஜனங்கள் அவரை "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கியர் இன்ஸ்பெக்டர் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எது என்று படிக்காத ஜனங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அதிகாரிகளும் அதைத் தெரிந்துகொண்டு ஆவன செய்ய வேண்டும். கடைவீதியில் ரோட்டைத் தாண்டுகிற பிள்ளைக்குக் கியர் விகிதம் தெரியாது. வண்டி நிற்கும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அதற்கு உண்டு.